நின்றதும் நிறுத்தப்பட்டதும்: தோட்டத்துக் கடிதங்களில் ஆங்கிலப் பிழையின் விலை

"வேலை நின்னு போச்சு."

ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானின் எந்தத் தோட்டத்து லயத்தில் சொன்னாலும் இந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவைப்படாது. யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். தெரியாவிட்டால் அடுத்த பேச்சில் வந்துவிடும். விளக்கு அணைந்தது, மழை விட்டது, வேலை நின்றது. செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிடும் வசதி தமிழுக்கு உண்டு.

இதே வாக்கியம் அலுவலகக் கடிதத்துக்குள் போகும்போது அந்த வசதியே வினையாகிறது. உதவி செய்ய வந்த ஒரு கை அதை "ஐ ஸ்டாப்டு வொர்க்" என்று எழுதுகிறது. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது; ஆகவே "நான்" வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிப்பவருக்கு இப்போது ஒரே பொருள்தான்: இவர் தாமாகவே வேலையை விட்டார். மலாயில் எழுதினாலும் இதே கண்ணி உண்டு. "பெர்ஹெந்தி கெர்ஜா" என்றால் வேலையை விட்டவர். "டிபெர்ஹெந்திகான்" என்றால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் ஓர் ஒட்டு. இடையில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

ஏனென்றால் 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, நியாயமான காரணமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டவருக்குத்தான் வேலையைத் திரும்பக் கேட்கும் வழியைத் திறக்கிறது. தாமாக விலகியவருக்கு அந்த வழி இல்லை. விலகும்படி முதலாளியின் நடத்தை தள்ளியது என்று காட்டினால், மறைமுக வேலை நீக்கம் என்ற வாதம் உண்டு. கேத்தே நிறுவன வழக்கில் 1980-களில் உச்ச நீதிமன்றம் அதற்கு இலக்கணம் வகுத்தது. ஆனால் அது செங்குத்தான ஏற்றம். நேர்ச்சாலையில் போகவேண்டியவரை அந்த ஏற்றத்தில் ஏற்றிவிடுவது பெரும்பாலும் ஒரு வினைச்சொல்தான்.

ஆங்கிலச் சட்டக் கடிதங்களில் தவிர்க்கவேண்டிய பிழைகள் என்று பட்டியல் போடும் நூல்கள் காற்புள்ளி, எழுத்துக்கூட்டு, ஒருமை பன்மை என்று தொடங்கும். தோட்டத்திலிருந்து பார்த்தால் வரிசை மாறுகிறது. எழுத்துப் பிழையால் வழக்கில் தோற்றவர் அரிது. தன் நிலையைத் தானே தவறாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டுபவர்தான் இங்கே அதிகம் காணக்கூடியவர். இக்கட்டுரை அந்த வகைப் பிழைகளைப் பற்றியது.

இறங்கும் தமிழ், ஏறும் ஆங்கிலம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தோட்டத்தின் மொழி ஏணியைப் பார்க்கவேண்டும். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. அதற்குள் தோட்டத்தில் ஒரு மொழி ஒழுங்கு உறைந்துவிட்டது. உத்தரவு தமிழில் இறங்கியது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் ஏறியது.

துரைமார் தமிழ் கற்றார்கள். அது ஏவல் தமிழ். இலங்கைத் தோட்டங்களின் சின்னதுரைகளுக்காகக் கொழும்பில் அச்சான சட்டைப்பைக் கையேடு ஒன்றின் பெயரே "இங்கே வா". தொழிலாளர் இலாகாவுக்கென ஒதுக்கப்பட்ட மலாயா சிவில் சர்வீஸ் இளம் அதிகாரிகள் தமிழ் கற்கச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். குறை கேட்க ஓர் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும், கோப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது.

மேலே ஏறும் ஆங்கிலத்தை எழுதியவர் யார்? பெரும்பாலும் கிராணியார், அதாவது தோட்டத்து எழுத்தர். மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் அதிகம் அமர்ந்த நாற்காலி அது. செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டை எழுதுவதும் அவர், சம்பளம் கணக்கிடுவதும் அவர், தொழிலாளியின் மனுவை ஆங்கிலப்படுத்துவதும் அவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். நிர்வாகத்துக்கு எதிரான குறையை நிர்வாகத்தின் ஊழியரே எழுதித் தரும்போது அதில் கோரிக்கை எப்படி ஒலிக்கும்? பணிவாக ஒலிக்கும். "தங்கள் கருணையை இறைஞ்சுகிறேன்", "என்றென்றும் தங்களுக்காகப் பிரார்த்திப்பேன்" என்ற காலனியக்கால மனு வாய்பாடுகள் அந்தப் பணிவுக்குத் தயாராக இருந்த சட்டை. நீதிமன்ற வாசல்களில் தட்டச்சுப்பொறியோடு உட்கார்ந்திருந்த பெட்டிஷன் எழுத்தர்களிடமும் அதே சட்டைதான் தொங்கியது.

இந்த ஏணியை முதலில் ஆட்டியது தொழிற்சங்கம். போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தொழிலாளரிடையே சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைமைக்கு வந்தவர். முதலாளிமார் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் பேசத் தொடங்கியதும் கடிதத்தின் தொனியும் மாறவேண்டியிருந்தது. இறைஞ்சுதல் போய், இன்ன விதி, இன்ன தொகை, இன்ன தேதி என்ற பேச்சு வந்தது. ஆனால் சங்கத்தின் மேசையில் மாறியது லயத்து மேசையில் முழுதாக மாறவில்லை. தனியாள் எழுதும் கடிதத்தில் பழைய சட்டை இன்றும் தெரிகிறது.

இதே மாநிலத்தில் இன்னொரு மரபும் உண்டு என்பதைக் கவனிக்கலாம். மினாங்கபாவ் மக்களின் அடாட் பெர்பாத்தே வழக்கச் சட்டம் தாய்வழி நிலவுரிமையைப் பழமொழிகளாக வாய்வழியே காத்துவந்தது. அந்த நிலங்களுக்கு எழுத்துப் பாதுகாப்புத் தர, வழக்கமுறை நிலவுடைமைச் சட்டமே இயற்றப்பட்டது. தோட்டத்துத் தமிழரின் வாய்மொழிக்கு அப்படிப்பட்ட காவல் கிடைக்கவில்லை. "இந்த வீட்ல இருந்துக்கோ" என்று எந்த துரை எந்த ஆண்டில் சொன்னார் என்பது நினைவில் இருக்கும், காகிதத்தில் இராது. காகிதத்தில் இருப்பது நிர்வாகத்தின் கடிதமும் அதற்கு நாம் எழுதிய பதிலும்தான்.

ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இத்தகைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களைக் கோத்து ஒரு மாதிரியை அமைத்திருக்கிறேன். 22 ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பின் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மூலம் ஆங்கிலம், பொருள் இது:

"பெருமதிப்பிற்குரிய ஐயா, மிகுந்த பணிவுடன் இந்த மனுவைத் தங்கள் முன் வைக்கிறேன். தங்கள் கம்பெனி வீட்டில் நீண்ட காலமாகத் தங்கியிருக்கிறேன். சென்ற மாதம் வேலையை நிறுத்திவிட்டேன். வீட்டைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் தரவேண்டும். ஏதாவது உதவித்தொகையும் கருணையோடு வழங்கவேண்டும். என் பக்கம் ஏதேனும் தவறு இருந்தால் மன்னிக்கவும்."

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம். பள்ளி ஆசிரியர் பார்த்தால் முழு மதிப்பெண் போடுவார். வழக்கறிஞர் பார்த்தால் தலையில் கை வைப்பார்.

"வேலையை நிறுத்திவிட்டேன்" என்பது ராஜினாமா. கடைசி வரி, எந்தத் தவறு என்று சொல்லாமலே தவறை ஒப்புக்கொள்வதுபோல் படிக்கப்படக்கூடியது. 1980-ஆம் ஆண்டு பணிமுடிப்புச் சலுகை விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்தினால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தரவேண்டும். இரண்டு முதல் ஐந்தாண்டு என்றால் 15 நாள். ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் என்றால் 10 நாள். 22 ஆண்டுக்காரருக்கு 440 நாள் சம்பளம். ஆனால் தாமாக விலகியவருக்கு இச்சலுகை கிடையாது. ஒழுங்கு மீறலுக்காக முறையான விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. நம்முடைய ஆறு வாக்கியக் கடிதம் ஒன்றில் முதல் கதவையும், இன்னொன்றில் இரண்டாம் கதவையும் எதிராளிக்குத் திறந்துவைக்கிறது.

"உதவித்தொகை" என்ற சொல் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் இது "எக்ஸ் கிரேஷியா" என்று போகும். லத்தீனில் "அருளினால்" என்று பொருள். சட்டப்படி கடன்பட்டதைக் கொடுப்பது வேறு, கடமை ஏதுமின்றி அருளாகக் கொடுப்பது வேறு. சட்டம் தரச்சொன்ன தொகையை அருளாகக் கேட்டால், எவ்வளவு கொடுத்தாலும் நன்றி சொல்லவேண்டிய இடத்துக்கு நாமே போய் நிற்கிறோம். அந்தக் காசோலையோடு வரும் ரசீதில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி இருந்தால், அதன் கீழே கைநாட்டு வைப்பதற்கு முன் ஒரு நாள் பொறுப்பது நல்லது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சட்டம் வகுத்த குறைந்தபட்சத்துக்குக் கீழான நிபந்தனை வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் செல்லாது என்கிறது. சட்டம் அந்த அளவுக்குத் துணை நிற்கும்போது நாம் ஏன் அருள் கேட்கவேண்டும்?

"அவகாசம் தரவேண்டும்" என்பது வீட்டைப் பற்றியது. காலி செய்யும் கடமையை ஏற்றுக்கொண்டு, நாளை மட்டும் தள்ளிக் கேட்கிறது அது. "தங்கியிருக்கிறேன்" என்பதற்கு மலேசிய ஆங்கிலத்தில் நாம் போடும் சொல் "ஸ்டே". நமக்குள் அது குடியிருப்பதைத்தான் குறிக்கும். ஏட்டு ஆங்கிலத்தில் அது ஹோட்டலில் தங்குவதுபோலத் தற்காலிகம். பிள்ளை பிறந்து, பேரன் பிறந்த வீட்டை "ஸ்டேயிங்" என்று எழுதுகிறோம்.

வாடகைக்காரரா, அனுமதி பெற்றவரா, புறம்போக்கா?

வீட்டுச் சொல்லை இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டும். நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. நிலம் கைமாறும்போதெல்லாம் லயத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தில் குடியிருப்பவரை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

"டெனன்ட்" என்றால் வாடகைக்காரர். "லைசென்சி" என்றால் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். "டிரெஸ்பாஸர்" என்றால் அத்துமீறியவர். "ஸ்குவாட்டர்" என்றால் நம் ஊர்ப் பேச்சில் புறம்போக்கு. நான்கும் ஒரே வீட்டின் ஒரே மனிதருக்குச் சூட்டக்கூடிய பெயர்கள். ஆனால் நீதிமன்ற விதிகளின் 89-ஆம் ஆணை, அனுமதியில்லாமல் நுழைந்தவரையோ அனுமதி முடிந்தும் இருப்பவரையோ விரைவு முறையில் வெளியேற்ற வழி செய்கிறது; வாடகைக் காலம் முடிந்தும் இருக்கும் வாடகைக்காரரை அது தன் வரம்பிலிருந்து விலக்கிவைக்கிறது. வாடகைக்காரராக இருந்தவரை நீதிமன்ற நடவடிக்கை இன்றி வெளியேற்றக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டு தனிநிவாரணச் சட்டமும் சொல்கிறது. 1991-இல் சட்ட அறிக்கையில் வெளியான பொஹாரி பின் தாயிப் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் புறம்போக்கையும் ஆதியில் அனுமதியோடு வந்து குடியேறியவர்களையும் வேறு வேறாகப் பார்த்தது.

தோட்டத் தொழிலாளி அந்த வீட்டுக்கு வேலி தாண்டி வந்தவர் இல்லை. வேலைக்கென்று அழைத்து வந்து குடியமர்த்தப்பட்டவர். ஆகவே நிர்வாகத்தின் கடிதம் "ஸ்குவாட்டர்களுக்கு" என்று தொடங்கினால், பதிலின் முதல் வேலை அந்தச் சொல்லை மறுப்பது. "உங்கள் கடிதத்தில் எங்களைப் புறம்போக்கு என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை ஏற்கவில்லை. 1978 முதல் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு இவ்வீட்டில் குடியிருக்கிறோம்" என்ற மூன்று வாக்கியம் போதும். மறுக்காமல், "ஸ்குவாட்டர்களாகிய நாங்கள் தாழ்மையுடன்" என்று எதிராளியின் சொல்லையே எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வது தவிர்க்கவேண்டிய பிழைகளில் முதன்மையானது. வந்த கடிதத்தைப் பார்த்து வாசகம் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். எதிராளியின் சொல்லோடு எதிராளியின் வழக்கும் கூடவே வந்துவிடுகிறது.

கடன் கடிதங்களிலும் இதே கதை. "மெதுவா கட்டிடறேன்" என்று நாம் சொல்வது மரியாதைக்கு. "ஐ வில் ஸ்லோலி பே" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது கடனை ஒப்புக்கொள்ளும் ஆவணம். ஒப்பந்தக் கடனுக்கு 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறாண்டு வரம்பு வைத்திருக்கிறது. எழுத்தில் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டால் 26-ஆம் பிரிவின்படி அந்த ஆறாண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். தொகையே தகராறில் இருக்கும்போது, "தொகையை ஏற்கவில்லை, கணக்கு விவரம் அனுப்பவும்" என்பதே முறையான மரியாதை.

கடன் வாங்கிய ஆடம்பரம்

பணிவுக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பிழை இருக்கிறது: வக்கீல் கடிதத்தைப் பார்த்து ஆடம்பரச் சொல்லைக் கடன் வாங்குவது. தலைப்பில் "விதவுட் பிரெஜுடிஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டால் கடிதத்துக்கு முறுக்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சமரசப் பேச்சுக்கான முத்திரை. தகராறைத் தீர்க்க இரு தரப்பும் மனம்விட்டுப் பேசும்போது, அந்தப் பேச்சைப் பிறகு நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்டக்கூடாது என்பது அதன் நோக்கம். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைச் சார்ந்தது. இதைக் கோரிக்கைக் கடிதத்தில் போட்டால் என்ன ஆகும்? "இன்ன தேதியில் கேட்டேன், அவர்கள் தரவில்லை" என்று நிரூபிக்க அந்தக் கடிதத்தை நீட்டும்போது, எதிராளி அந்த முத்திரையையே காட்டித் தடுக்கப் பார்ப்பார். முத்திரை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. உள்ளே சமரசப் பேச்சு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனாலும் நம் கதவுக்கு நாமே பூட்டுப் போட்டுவிட்டுத் திறக்க வாதாடுவானேன்?

"நல் அண்ட் வாய்ட்" போன்ற இரட்டைச் சொற்களும் அப்படித்தான். நார்மன் படையெடுப்புக்குப் பிறகு இங்கிலாந்தில் சட்டம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தது. மக்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒரு பொருளுக்குப் பல மொழிச் சொற்களை அடுக்கிப் போடும் வழக்கத்துக்கு அந்தக் கலப்பு உரமிட்டது. வழக்குப் பேச்சு மக்களுக்குப் புரியவில்லை என்பதால் ஆங்கிலத்தில் வாதாடவேண்டும் என்று 1362-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது. நீதிமன்ற ஏடுகள் முழுக்க ஆங்கிலத்துக்கு வர 1733 ஆயிற்று. ஆகவே புரியாத சட்டமொழிக்கு முன் கைகட்டி நின்றவன் ரந்தாவ் தமிழனோ சிலியாவ் தமிழனோ மட்டுமல்ல, இங்கிலாந்துக் குடியானவனும்தான்.

அந்தக் குடியானவன் ஒருவனின் கதை நமக்கு மிகவும் பொருந்தும். 1582-இல் தீர்ப்பான தரோகுட் வழக்கு அது. எழுத்தறிவில்லாத நில உரிமையாளர் ஒருவரிடம், பாக்கி வாடகையை மட்டும் விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்று தவறாகச் சொல்லி, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் முத்திரை வாங்கிவிட்டார்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தவறாகப் படித்துக் காட்டிப் பெற்ற பத்திரம் அவரைக் கட்டாது என்று நீதிமன்றம் சொன்னது. "இது என் செயல் அன்று" என்னும் வாதத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் பின்னாளில் சட்டம் இந்த வாசலைக் குறுக்கிக்கொண்டே வந்தது. படிக்காமல் கையெழுத்திட்டாலும் கையெழுத்துக் கட்டும் என்பது 1934-இல் இங்கிலாந்தில் உறுதியான பொதுவிதி. தரோகுட்டின் சந்து ஒரு விதிவிலக்கு; அதை நம்பிக் கைநாட்டு வைக்கமுடியாது.

சத்தியப் பிரமாணப் பத்திரத்துக்கு மட்டும் மலேசிய நீதிமன்ற விதிகள் ஒரு காவல் வைத்திருக்கின்றன. எழுத்தறியாதவர் கொடுக்கும் பத்திரமானால், அது அவர் முன் படித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது, என் முன் கையெழுத்திட்டார் என்று சத்தியப் பிரமாண ஆணையர் சான்று எழுதவேண்டும். சாதாரணக் கடிதத்துக்கு அந்தக் காவல் இல்லை. வீட்டில் ஒருவர் அந்தக் காவலராக இருக்கவேண்டும்: எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லி, "இதானே நடந்தது?" என்று கேட்கவேண்டும்.

பெயரும் நாளும்

இரண்டு சிறிய பிழைகள் பெரிய தொல்லை தருகின்றன. முதலாவது பெயர். அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டு ஒன்று, செக்ரோலில் கிராணியார் போட்டது ஒன்று, இ.பி.எஃப். கணக்கில் மூன்றாவது. சுப்ரமணியம் என்ற ஒரே மனிதர் ஆங்கிலத்தில் "b" எழுத்தோடும் "p" எழுத்தோடும் இரண்டு ஆளாகிவிடுகிறார். பழைய தாள்களில் "எஸ்/ஓ" என்றும் புதியவற்றில் "ஏ/எல்", "ஏ/பி" என்றும் தகப்பன் பெயர் ஒட்டியிருக்கும். அதைக் குடும்பப்பெயர் என்று எண்ணி, மகனுக்கு எழுதும் கடிதத்தில் "டியர் மிஸ்டர் முனியாண்டி" என்று செத்துப்போன தகப்பனை அழைக்கும் அலுவலகங்கள் உண்டு. நம் கடிதத்தில் அடையாள அட்டைப்படி முழுப்பெயர், அட்டை எண், பழைய தாளில் வேறு எழுத்துக்கூட்டு இருந்தால் அதுவும் ஒரே வரியில் வரவேண்டும்.

இரண்டாவது நாள். 20-ஆம் பிரிவின்படி மனு கொடுக்க வேலை நீக்கத்திலிருந்து 60 நாள். அந்தக் கெடு ஒரு மாதமாக இருந்த காலத்திலேயே, கெடு கண்டிப்பானது, தாமதத்தை மன்னிக்க இடமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபங் கியோங் ரப்பர் நிறுவன வழக்கு என்று 1981 சட்ட அறிக்கையில் அது இருக்கிறது. ஆகவே "சென்ற மாதக் கடைசியில்", "தீபாவளிக்கு முன்னால்" என்றெல்லாம் எழுதுவது தற்கொலைக்குச் சமம். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவது நலம்: 03/04 என்பது ஓர் ஊரில் ஏப்ரல், இன்னோர் ஊரில் மார்ச். "இக்கடிதத்திலிருந்து 14 நாளுக்குள்" என்றால் கடிதத்தின் தேதியிலிருந்தா, கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா என்ற கேள்வி வரும். "2024 ஜூன் 14-ஆம் தேதி மாலை 5 மணிக்குள்" என்றால் கேள்வியே இல்லை.

நிறுத்தற்குறி அற்பம் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் மிகைநேரச் சம்பளம் கேட்டுப் போட்ட ஓக்ஹர்ஸ்ட் வழக்கில், மிகைநேரம் கிடையாத வேலைகளின் பட்டியலில் கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு காற்புள்ளி இல்லை. அதனால் விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமா என்று சந்தேகம் எழுந்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது; மறு ஆண்டு 50 லட்சம் டாலரில் சமரசம் ஆயிற்று. தோட்டத்து ஆளுக்கு இதில் பாடம், காற்புள்ளிக்கு அஞ்சுவது இல்லை. ஒரே வாக்கியத்தில் ஐந்து விஷயத்தை அடுக்காமல் எண் போட்டுத் தனித்தனியாக எழுதுவது.

அதே கடிதம், மறுபடி

இப்போது முந்தைய கடிதத்தைத் திருப்பி எழுதுவோம். தேதிகள் விளக்கத்துக்காக வைத்தவை.

"பொருள்: 2024 மார்ச் 31 அன்று வேலை நீக்கம்.

1. 2002 ஏப்ரல் 1 முதல் உங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளியாக வேலை செய்தேன்.

2. 2024 மார்ச் 1 தேதியிட்ட கடிதத்தின் வழி, மார்ச் 31 முதல் என்னை வேலையிலிருந்து நீக்கினீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை.

3. 22 ஆண்டுச் சேவைக்குரிய பணிமுடிப்புச் சலுகையையும், எட்டு வார முன்னறிவிப்பில் குறைந்த நாள்களுக்கான சம்பளத்தையும் கோருகிறேன்.

4. வீட்டில் நிர்வாகத்தின் அனுமதியோடு குடியிருக்கிறேன். அது பற்றிய என் உரிமைகள் எதையும் இக்கடிதம் விட்டுக்கொடுக்கவில்லை.

5. 2024 ஏப்ரல் 19-க்குள் எழுத்தில் பதில் தரவும்."

ஐந்து பத்தி. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, லத்தீன் இல்லை. ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதமுடியும். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பு என்பது வேலைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. நிர்வாகம் கொடுத்தது முப்பது நாள். இதை எழுத மொழிப் புலமை வேண்டாம், விதி தெரிந்தால் போதும். நிர்வாகத்தின் பதிலுக்காக உட்கார்ந்திருக்கவும் கூடாது: இந்த எடுத்துக்காட்டில் 60 நாள் மே 30 அன்று முடிகிறது. கடிதம் போனாலும் போகாவிட்டாலும் அதற்குள் தொழில் உறவு இலாகாவில் மனு விழுந்திருக்கவேண்டும்.

நீதிமன்றங்கள் இவ்வளவு இரக்கமற்றவையா என்று கேட்கலாம். தொழில் நீதிமன்றத்துக்கு 30-ஆம் பிரிவு நேர்மையையும் நல்மனச்சாட்சியையும் வழக்கின் சாரத்தையும் பார்த்து, சட்ட நுட்பங்களைப் பாராமல் செயல்படச் சொல்கிறது. 1990-க்குப் பிறகு தீபகற்பத்தின் நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழிக்கு வந்துவிட்டன. ஆங்கிலத்தின் பிடி முன்போல் இல்லை. இரண்டும் உண்மை. ஆனால் சாரத்தைப் பார்க்க நீதிபதிக்கும் ஏதாவது கையில் வேண்டும்; சம்பவம் நடந்து ஓராண்டு ஈராண்டு கழித்து அவர் கையில் இருப்பது அன்றைய கடிதம். வழக்கறிஞர் அலுவலகங்களும் தோட்ட நிறுவனங்களும் இன்றும் பெருமளவு ஆங்கிலத்தில்தான் எழுதுகின்றன. பேச்சு தமிழில், பாரம் மலாயில், கடிதம் ஆங்கிலத்தில் என்று மூன்று மொழிக்குள் ஒரே சம்பவம் பயணம் செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் "யார் செய்தது" என்பதுதான் முதலில் தொலைகிறது. இப்போது கிராணியாரின் இடத்தில் கைபேசி மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. "வேலை நின்னு போச்சு" என்று அதனிடம் சொன்னால், விட்டுப்போன எழுவாயை அதுவும் ஊகித்துத்தான் நிரப்பும்.

நம் பிள்ளைகள் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் அலுவலகம் போகிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. லயத்தில் இருக்கும் தாத்தாவுக்கோ பெரியம்மாவுக்கோ அடுத்த கடிதம் வரும்போது, பதில் எழுத உட்காருமுன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் செய்தது, எந்தத் தேதியில், நமக்கு வரவேண்டியது என்ன? வந்த கடிதத்தின் சொல்லை எடுக்காமல் அவர் சொன்ன சொல்லை எடுங்கள். எழுதி முடித்ததும் தமிழில் படித்துக் காட்டுங்கள். ஒரு நகல் எடுத்து வைத்து, ஏ.ஆர். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அந்த ரசீதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று தபால் முகப்பிலேயே பார்த்துவிடுங்கள்.